யாருக்கு எந்த அரிசி?

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் பொங்கிய காலத்தில், லம்பத்துக் கூலிகளைக் கொன்ற நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, மூச்சு முட்டி, ஒருநாள் இதயம் நின்றுவிடும். கப்பலில் வந்திறங்கியபோது மூட்டை தூக்கக்கூடிய உடம்போடு இருந்த சீன இளைஞர்கள், சில மாதங்களில் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தார்கள்.

தோட்டத்து லயங்களில் கிடந்த தமிழர்களின் கதி வேறு. மலேரியா அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. வயிற்றுப்போக்கு கொண்டுபோனது. பெரிபெரி மட்டும் அவர்கள் பக்கம் அதிகம் வரவில்லை. வயலில் விளைந்ததை வீட்டிலேயே குத்திச் சாப்பிட்ட கம்பத்து மலாய்க்காரர்களையும் அது அவ்வளவாகத் தொடவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன் இந்த வித்தியாசத்தை உற்றுப் பார்த்தார். லம்பத்துச் சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டி வெள்ளையாக்கிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகே குத்தும் அரிசி. பெரிபெரி அரிசியிலிருந்து வருகிறது, பச்சரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று பிராடன் எழுதினார். 1907-ல் இதைப் பெரிய புத்தகமாகவே போட்டார்.

அவர் பாதி சரி. நஞ்சு எதுவும் இல்லை. அரிசி தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயாமின் என்ற வைட்டமின் பி1 உடம்புக்குக் கிடைக்காததுதான் கோளாறு. நெல்லை அவிக்கும்போது அந்த வைட்டமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. (நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்தே நெல்லை அவித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரியும். அவித்த நெல் குத்தும்போது அதிகம் உடையாது, பூச்சி சுலபத்தில் அரிக்காது, நாள்பட இருக்கும். அவிப்பதற்கு அந்தக் காரணங்களே போதும்.)

ஆனால் 1900-களில் பிராடனை நம்ப எந்த மருத்துவருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. சீனக் கூலிக்கும் தமிழ்க் கூலிக்கும் அரிசி மட்டுமா வேறு? சீனர் நாளெல்லாம் இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் நின்றார். தமிழர் வெயிலிலும் நிழலிலும் நடந்தார். சீனர் பெரும்பாலும் தனி ஆள், கொங்சியில் பத்துப் பேரோடு படுத்தார். தமிழருக்குக் குடும்பம் உண்டு, லயம் உண்டு. ஒருவருக்கு அபின், மற்றவருக்குக் கள். குடிக்கும் தண்ணீர் வேறு, தொட்டுக்கொள்ளும் கறி வேறு, ஊர் வேறு, உடல்வாகு வேறு. அது கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். நெருக்கடியான கொட்டகையில் ஒரு கிருமி பரவுகிறது, அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் பிராடனால் மறுக்க முடியாது. ஜாவாவிலும் இதே தகராறுதான். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் எந்த அரிசி போடுகிறார்கள், எத்தனை பேருக்குப் பெரிபெரி வருகிறது என்று வோர்டர்மன் என்ற டச்சு மருத்துவ அதிகாரி கணக்கெடுத்திருந்தார். வெள்ளை அரிசிச் சிறைகளில் நோய் பன்மடங்கு அதிகம். ஆனாலும் சிறைக்குச் சிறை வேறு எதுவுமே வித்தியாசப்படவில்லையா என்ற கேள்வி அப்படியே நின்றது.

இயற்கையாக அமைந்த இரண்டு கூட்டங்களை ஒப்பிடுவதில் இருக்கும் சிக்கல் இதுதான். அவர்களைப் பிரித்தது அரிசி இல்லை. கடல், கங்காணி, கப்பல் டிக்கெட், ஜாதி, கடன் எல்லாம் சேர்ந்து அவர்களை வெவ்வேறு இடத்தில் போட்டன. அரிசி அந்தப் பிரிவினையோடு ஒட்டிக்கொண்டு வந்த நூறு விஷயங்களில் ஒன்று.

இதை உடைத்தவர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவர். அவர் பொறுப்பில் இருந்த மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவிக்கொண்டிருந்தது. 1905 டிசம்பர் 5 அன்று அவர் செய்த காரியத்தைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் உடனே புரிந்துகொள்வார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்துவதுபோல, காப்பகத்தில் இருந்த எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடதுபக்கமிருந்து எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். கட்டடங்கள் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. மற்ற சாப்பாடும் ஒன்றே.

அந்த வரிசையில் நின்றவருக்கு ஐந்தாம் எண் விழுமா ஆறாம் எண் விழுமா என்பதை அவருடைய இனமோ, வயதோ, அபினோ, உடல்வாகோ தீர்மானிக்கவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது மட்டும் தீர்மானித்தது. கடலும் கங்காணியும் பின்னிய முடிச்சை ஒரு காலை நேரத்து எண்ணிக்கை அவிழ்த்துவிட்டது.

1906 முடியும்வரை பார்த்தார். கட்டடத்தில்தான் தொற்று ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வர, நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றிப் படுக்க வைத்தார். அரிசி மட்டும் மாறவில்லை. பச்சரிசித் தரப்பில் மொத்தம் 120 பேர். அவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் மேலாகப் பெரிபெரி வந்தது, 18 பேர் அதில் இறந்தார்கள். புழுங்கல் தரப்பில் 123 பேர். பெரிபெரி கண்டவர்கள் 2 பேர், அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு இல்லை. 1907-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்தது.

அந்தக் கட்டுரையின் முடிவு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்குக் காரணம் அரிசியில் உள்ள நஞ்சாக இருக்கலாம், புரதக் குறைவாக இருக்கலாம், அல்லது சத்தில்லாத அரிசி உடம்பை ஏதோ ஒரு கிருமிக்குத் திறந்துவிடுவதாக இருக்கலாம் என்று ஃபிளெட்சர் மூன்று கதவுகளையும் திறந்தே வைத்தார். மூன்றுமே தவறு. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. ஆனால் அவருடைய சோதனை தவறவில்லை. ஏன் என்பது தெரியாமலே எது என்பதைச் சரியாகச் சொல்லிவிட முடியும், ஆட்களைப் பிரித்த விதம் நேர்மையாக இருந்தால்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த ஜாவா தொழிலாளர்களிடையே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். பச்சரிசி அணியில் நோய் தலைகாட்டியதும் இரு அணிகளின் அரிசியையும் மாற்றினார்கள். நோயும் அணி மாறியது. அதற்குப் பிறகு விவாதம் தேய்ந்தது.

இனி, அந்த வரிசையில் நின்றவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லாமல் போனால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும். அவர்கள் பூட்டிய கதவுக்குள் இருந்தவர்கள். கிழக்குக் கட்டடத்தில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தபோதும் எண்ணிக்கை தொடர்ந்தது. நிரூபணம் தேவைப்பட்டது உண்மை, ஆனால் 18 என்ற எண்ணை வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மனிதரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதை உலகம் எழுத்தில் வைக்க 1947-ல் நியூரம்பெர்க் விதிகளும் 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனமும் வர வேண்டியிருந்தது. அவர்களைப் போன்றவர்களுக்காக ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் பெரிய மனநல மருத்துவமனை திறந்தது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கேலி செய்பவர் தட்டில் இருக்கும் சோற்றுக்கும் இப்படிப்பட்ட ஒரு காப்பகத்தில் இருந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

ஒற்றைப்படை இரட்டைப்படை போதுமா? எல்லோரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தினால் போதும். ஆனால் நோயாளிகள் அப்படி வருவதில்லை, ஒவ்வொருவராக வருவார்கள்.

ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டிரெசர் நல்லவர். புதிதாக ஒரு காய்ச்சல் மருந்து வந்திருக்கிறது, ஒருவர் விட்டு ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் முதல் ஆளுக்குக் கொடுத்தாயிற்று, அடுத்தவருக்கு இல்லை என்பது டிரெசருக்குத் தெரியும். வாசலில் நான்கு பிள்ளைகளின் தாய் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஒரு வாலிபன், லேசான சூடு. டிரெசர் என்ன செய்வார்? “தம்பி, நீ முன்னாடி வா” என்பார். வாலிபனை மருந்தில்லாத இடத்தில் எழுதிவிட்டு, தாய்க்கு மருந்து கொடுப்பார். நானும் அதைத்தான் செய்வேன். இப்படி நான்கு மாதம் போனால் மருந்து வாங்கியவர்கள் எல்லாம் கடும் நோயாளிகள், வாங்காதவர்கள் எல்லாம் லேசான நோயாளிகள் என்றாகிவிடும். நல்ல மருந்தும் தோற்றுப்போகும். வேறொரு டிரெசர் விலை உயர்ந்த மருந்தைப் பிழைக்க மாட்டார் என்று தோன்றுபவர்மேல் வீணாக்க வேண்டாம் என்று நினைத்தால், வெறும் மாவு மாத்திரைகூட ஜெயித்துவிடும்.

இங்கே யாரும் திருடவில்லை. கருணைதான் கணக்கைக் கெடுத்தது. மருத்துவருடைய அனுபவம், இரக்கம், கண்மதிப்பு ஆகியவைதான் அவரை நல்ல மருத்துவராக்குகின்றன. ஒரு மருந்தைச் சோதிக்கும் நேரத்தில், யாருக்கு எது என்று தீர்மானிக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும், இவை எல்லாம் எதிரிகள். அந்த நொடியை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும்.

பிடுங்கியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், இங்கிலாந்துப் புள்ளியியலாளர். வயலில் உரச் சோதனைகளுக்காக ரொனால்டு ஃபிஷர் வகுத்த குலுக்கல் முறையை அவர் மனிதர்களிடம் கொண்டுவந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் புதிதாக வந்திருந்தது. பிரிட்டனிடம் இருந்த மருந்து எல்லோருக்கும் எட்டாது. பற்றாக்குறையே குலுக்கலுக்கு நியாயம் தந்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைத் தற்செயல் எண்களால் முன்கூட்டியே முடிவுசெய்து, ஒவ்வொன்றையும் ஒட்டிய உறைக்குள் போட்டு வைத்தார்கள். நோயாளியைச் சோதனையில் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகே உறை பிரியும். அதுவரை உள்ளே என்ன என்பது மருத்துவருக்கும் தெரியாது. 1948-ல் முடிவு வந்தது: மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4, பெறாத 52 பேரில் 14.

தமிழர் ஊருக்கு இந்த உறை வந்தது 1956-ல். சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கி, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் நெரிசல், பசி, வேலை. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குலுக்காமல் மருத்துவர்களே பிரித்திருந்தால் முற்றியவர்களைத்தான் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தக் கணக்கை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஏழை நாடுகளில் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து என்ற கொள்கை இந்தச் சோதனையில் வேர்விட்டது.

குலுக்கல் எப்படி இவ்வளவு வேலை செய்கிறது? ஒரு சின்னக் கணக்கு. 20 பேர், அவர்களில் 10 பேருக்கு இனிப்பு நீர். குலுக்கி இரண்டு பத்தாகப் பிரித்தால், ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் மூன்று, அல்லது அதைவிட மோசமாக விழும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 18. அது அதிகம்தான். இப்போது 200 பேர், 100 பேருக்கு இனிப்பு நீர். 70-க்கு 30 என்று சாயும் வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் கூடக் கூடத் தராசு தானாகச் சமமாகிறது. இனிப்பு நீருக்கு மட்டும் இல்லை. நாம் பெயர்கூட வைக்காத, அளக்கவே தெரியாத காரணங்களுக்கும் இதே கணக்குத்தான். பிராடனைத் தடுத்த அந்த நூறு விஷயங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சமன்செய்ய எந்த மருத்துவராலும் முடியாது. தேடாமலே அதைச் செய்கிறது குலுக்கல்.

2021-க்கு வருவோம். கோவிட் உச்சத்தில் இருந்தது. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கோவிட்டைக் குணப்படுத்தும் என்று ஒவ்வொரு குடும்பக் குழுவிலும் செய்தி ஓடியது. மருந்து ஒன்றும் சாதாரணமானது கிடையாது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைக் கட்டுப்படுத்திய மருந்து, அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு. எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு சாவை வெகுவாகக் குறைக்கிறது என்றது. தரவுகளில் கோளாறு தெரிந்து 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். “எங்கள் சித்தப்பா சாப்பிட்டார், மூன்றே நாளில் எழுந்துவிட்டார்” என்ற சாட்சியங்களைத் திரும்பப் பெற யாரும் இல்லை. கோவிட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எதைச் சாப்பிட்டாலும் எழுந்துவிடுவார்கள் என்பதைச் சித்தப்பாவிடம் சொல்ல முடியுமா?

மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவர்கள் குலுக்கினார்கள். ஆய்வை முன்நின்று நடத்தியவர் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் ஸ்டீவன் லிம். 20 அரசு மருத்துவமனைகளும் ஒரு தனிமைப்படுத்தும் மையமும் சேர்ந்தன. 50 வயதோ அதற்கு மேலோ ஆன, ஏற்கெனவே வேறு நோய் உள்ள, கோவிட் அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குள் இருந்த நோயாளிகள். ஒட்டிய உறையின் வேலையைக் கணினி செய்தது. ஒரு தரப்புக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐந்து நாள் ஐவர்மெக்டின், மறுதரப்புக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். கணக்கில் வந்தவர்கள் 490 பேர்.

ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியதா என்பதுதான் முதன்மைக் கேள்வி. மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கு முற்றியது. பெறாத 249 பேரில் 43 பேருக்கு. பூச்சி மருந்து உதவவில்லை. பக்க விளைவு கண்ட 44 பேரில் 33 பேர் அதைச் சாப்பிட்டவர்கள், அதிகமாகக் கண்டது வயிற்றுப்போக்கு. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வந்த இந்தக் கட்டுரையை உலகம் முழுவதும் படித்தார்கள்.

உடனே ஒரு கூட்டம் அதே கட்டுரையிலிருந்து வேறொரு வரியைப் பிடித்துக்கொண்டது. 28 நாளில் இறந்தவர்கள்: மருந்துத் தரப்பில் 3, மறுதரப்பில் 10. பார்த்தீர்களா, மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது, மறைக்கிறார்கள் என்றார்கள்.

நீங்களே ஒரு காசை எடுத்துச் சுண்டிப் பாருங்கள். மருந்தால் நன்மையோ தீமையோ எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இறந்த 13 பேரும் எந்தத் தரப்பில் இருந்தார்கள் என்பது 13 முறை காசு சுண்டியது போலத்தான். 13 சுண்டலில் ஒரு பக்கம் பத்தோ அதற்கு மேலோ விழுவது, பூவானாலும் தலையானாலும், நூறு தடவையில் 9 தடவை நடக்கும். நம்புவதற்குப் போதாது. தூக்கி எறியவும் மனம் வராது. அதனால்தான் எந்தக் கேள்வியை முதன்மையாகக் கேட்கப்போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைக்கிறார்கள். முடிவு வந்த பிறகு அட்டவணையில் தேடினால் யாருக்கும் பிடித்த ஒரு வரி கிடைக்கும். இதே அளவுகோலை எதிர்த்தரப்புக்கும் வைக்க வேண்டும். 52-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டி ஐவர்மெக்டின் நோயை முற்ற வைக்கிறது என்று சொன்னவர்களும் அவசரப்பட்டவர்கள்தான், அந்த வித்தியாசம் நான்கில் ஒரு முறை தற்செயலாகவே வரக்கூடியது. உண்மையில் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறொன்று உண்டு. இந்தச் சோதனையில் போலி மாத்திரை கிடையாது. யார் மருந்து சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியும். லேசான தலைசுற்றலையும் வயிற்றுக் கடுப்பையும் மருந்து சாப்பிட்டவர் அதிகம் சொல்லியிருக்கலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை மட்டும் விரலில் மாட்டிய கருவி காட்டியது, அது யார் எதைச் சாப்பிட்டார் என்று பார்ப்பதில்லை. பிற்பாடு மற்ற நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளும் ஐவர்மெக்டினுக்குச் சாதகமாக எதையும் காட்டவில்லை.

புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ இருந்து ஈப்போ ‘ஜிஎச்’சுக்குப் போகும் உங்களிடமோ உங்கள் அம்மாவிடமோ ஒருநாள் ஒரு தாளை நீட்டி, ஓர் ஆய்வில் சேர்கிறீர்களா, எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கி முடிவு செய்யும் என்று கேட்கலாம். சோதனை எலியாக்குகிறார்கள் என்று பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள், படிக்காமல் கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். எந்த மருந்து மேல் என்பது உண்மையிலேயே யாருக்கும் தெரியாததால்தான் குலுக்குகிறீர்களா, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா, நடுவில் வேண்டாம் என்றால் விலகலாமா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.